உணவு இடைவேளையில் ஒரு நேயர்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? உன் மனைவிக்கு ஆறாம் மாதம், வாளி கீளி தூக்க விடாதே.

போனில் பேசினால் இரண்டாவது ஓவருக்குள் நமக்குள் சண்டை மூண்டு, யாராவது ஒருத்தர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கிரிக்கெட்டைக் கடிதத்தில் மட்டும்தான் பேசுவது என்று அம்மா நம் இருவரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நேற்று உன் காது கிழிந்திருக்கும்.

நம் ஆட்கள் நூற்று மூன்றுக்கு மூட்டையைக் கட்டினார்கள். அது அவர்கள் தலையெழுத்து. தொடக்க ஆட்டக்காரனுக்கு எங்கள் சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் பகுதியில் ‘கதவு’ என்று பெயர் வைத்திருக்கிறோம், மட்டைக்கும் காலுக்கும் நடுவே எப்போதும் திறந்தே கிடப்பதால். ஸ்லிப்பில் நிற்பவன் ‘சல்லடை’. இவர்களையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன், எத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத்தான் பொறுக்க முடியவில்லை.

சல்லடை ஒரு கேட்சை விட்டான். சோம்பேறித்தனமாக வந்து மடியில் விழுந்த பந்து அது. ரேடியோவில் நீ என்ன சொன்னாய்? ‘அருமையான முயற்சி.’ கதவு மறுபடியும் போல்டு ஆனான். ‘நல்ல அனுபவம் கிடைத்திருக்கிறது’ என்றாய். நேற்று ஒரு நாளில் மட்டும் நீ ‘நல்ல பந்து’ என்று சொன்னது முப்பத்தொன்பது தடவை, அதில் பதினாறு பவுண்டரிக்குப் போனது. ஒன்றுவிடாமல் எண்ணினேன். குறை கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள் நான். உன் வர்ணனையை என் மேசையில் விரித்தால் ஸ்டிக்கர் பத்தாது.

ரேடியோப் பெட்டி என் மேசைக்கு மேலேதான் தொங்குகிறது. உன் குரல் வந்ததும் நாற்பது பெண்களும் என்னைத்தான் பார்க்கிறார்கள். இங்கே என் பெயரே ‘வர்ணனை அக்கா’. முன்பெல்லாம் அப்படிக் கூப்பிட்டால் எனக்கு ஒரு அங்குலம் உயரம் கூடும். ‘நேயர்களே, இந்த ஆட்டத்தைக் காப்பாற்ற இனி ஆண்டவனாலும் முடியாது, டீ குடித்துவிட்டு வாருங்கள்’ என்று முதல் வருஷம் நீ சொன்னாயே, ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் உன்னை நம்பினார்கள். இப்போது நான் தலையைக் குனிந்துகொண்டு காலர் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

உன் அக்கா

•

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். தொண்டை வெந்நீரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வாளியைத் தூக்குவதில்லை, என்னைத்தான் தூக்கியடிக்கிறாள். மாமா எப்படி இருக்கிறார்? அஞ்சு நாள் விளையாடி யாரும் ஜெயிக்காமல் வருவதற்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று இன்னும் கேட்கிறாரா?

முப்பத்தொன்பதுதானா? நான் ஐம்பது இருக்கும் என்று நினைத்தேன். கேள் அக்கா. வானொலிக்குப் புதிதாக வந்திருக்கும் இயக்குநர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். சொல்லக்கூடாத சொற்கள்: தோல்வி, மோசம், சொதப்பல், வெட்கக்கேடு. சொல்ல வேண்டியவை: பின்னடைவு, அனுபவம், எதிர்காலம். ‘வெட்கக்கேடுக்குப் பதிலா என்ன சொல்றது சார்?’ என்று கேட்டேன். ‘அப்ப கூட்டத்தோட சத்தத்தப் போடுங்க’ என்றார்.

மார்ச் கடைசியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை கழுத்தை நீட்டுகிற வேலை இது. குழந்தை வேறு வரப்போகிறது. அதுவரை கதவைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்வேன், நீ என்ன திட்டினாலும் சரி.

அடுத்த வாரம் அணியோடு வெளிநாடு கிளம்புகிறேன். அந்த மைதானம் உனக்குப் பிடிக்கும். போன தடவை நான் உட்கார்ந்த அறையின் ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய மரம். காற்றடித்தால் இலை என் தாளில் வந்து விழும். தோற்கிற ஆட்டத்திலும் அந்த இலையைப் பார்த்தால் மனது லேசாகிவிடும்.

மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி

•

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

கடல் தாண்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டு முகவரிக்கே போடுகிறேன், உன் மனைவி அங்கே அனுப்பிவைப்பாள். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? இங்கே எனக்குக் கழுத்துவலி மட்டும். அது வேலையோடு வந்தது, வேலையோடுதான் போகும்.

முதல் டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்தது. ஐந்து நாளைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் மீதி இரண்டு நாள் என்ன செய்வார்கள்? கேப்டனுக்கு டாஸ் போடக் காசு கொடுப்பதோடு சரி, அப்புறம் அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. எதிரணி வால்பகுதி ஆட்டக்காரர்கள் இருவர் சேர்ந்து நமக்கு எதிராக நூற்றுப்பத்து ரன் அடித்தார்கள், நீ ‘பந்துவீச்சாளர்கள் பொறுமை காக்கிறார்கள்’ என்கிறாய். எனக்கு ரேடியோவைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உன் மரத்தையும் இலையையும் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிசிறு நூல் வெட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். அவள் சொல்கிறாள்: ‘அக்கா, உங்க தம்பி அங்கல்லாம் போகல. இங்கயே ஏதோ ரூம்ல உக்காந்து டிவியப் பாத்துப் புருடா விடுறாரு. டிவில விக்கெட் விழுந்தப்புறம்தான் ரேடியோல ஓடி வர்றான், எறியுறான்ங்கறாரு.’ எனக்கு வந்ததே கோபம். ‘வாய மூடிக்கிட்டு நூல வெட்டு’ என்றேன். மூன்று நாளாக அவளோடு பேச்சில்லை.

அப்புறம் மாடியில் மேனேஜர் அறை டிவியை எட்டிப் பார்த்தேன். நீ ‘கேப்டன் மாடத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்’ என்று சொன்ன நேரத்தில் மாடம் காலியாகக் கிடந்தது. அது நீ சொன்ன மாடம் இல்லை, வேறாக இருக்கும். அப்படித்தானே? ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அதை அவள் மேசையில் ஒட்டுகிறேன்.

உணவு இடைவேளையில் ‘நேயர் நேரம்’ என்று ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறாய். எங்கள் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். ‘நீங்களே கேட்டுருங்கக்கா’ என்று என்னைத் தூண்டுகிறார்கள். வீட்டுப் பேச்சை வீதிக்குக் கொண்டுபோகிற வழக்கம் நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மைதானத்திலிருந்து எழுதுகிறேன், காற்று தாளைப் பறிக்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். மாடம் இரண்டு உண்டு. டிவிக்காரன் ஒன்றைக் காட்டுகிறான், நான் இன்னொன்றைச் சொல்கிறேன். டிவியையும் ரேடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்காதே, இரண்டும் வெவ்வேறு வழியாக வருகின்றன, நேரம் முன்னே பின்னே ஆகும், அது விஞ்ஞானம்.

நூல் வெட்டுகிற தங்கச்சியிடம் சொல், நான் இங்கேதான் இருக்கிறேன். கழுத்துக்குத் தைலம் தேய். அவசரத்தில் முடிக்கிறேன்.

உன் தம்பி

•

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா? தூக்கம் வருகிறதா? உன் மனைவி எப்படி இருக்கிறாள்? இந்தப் பேச்செல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் சொல்.

புதன்கிழமை நடந்ததைக் கேள்விப்பட்டேன். நான் அப்போது ரேடியோ பக்கத்தில் இல்லை. திருப்பி அனுப்புகிற சட்டைகளின் தாளில் கையெழுத்து வாங்க மாடிக்குப் போயிருந்தேன். ‘நேயர் நேரத்தில்’ யாரோ ஒரு பெண் போன் போட்டு, ‘அங்க இப்ப வெயிலா, மழையா சார்?’ என்று கேட்டாளாம். நீ நல்ல வெயில், கண் கூசுகிறது என்றாயாம். அங்கே மழை பிடித்து, ஆடுகளத்தை விரிப்பால் மூடிக் கால் மணி நேரம் ஆகியிருந்ததாம். அடுத்து வந்த நான்கு நேயர்களும் அதையே பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

நான் கீழே இறங்கி வந்தபோது பெட்டியை அணைத்துவிட்டிருந்தார்கள். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. ஒருத்தி என் டீயைச் சூடுபடுத்திக் கொண்டுவந்தாள். அந்த நூல் வெட்டுகிறவள்கூட வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, ‘விடுங்கக்கா, எவளோ வேலையத்தவ. நல்ல மனுசன இப்படி மாட்டி விட்டுட்டாளே’ என்றாள். நானும் சொன்னேன், ‘அவ எங்க இருந்தாலும் நல்லாவே இருக்க மாட்டா.’

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. இரண்டு வாரத்தில் ஊர் மறந்துவிடும். ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு வருஷம் பேசியவனை ஒரு மழைக்காக அனுப்பிவிடுவார்களா?

வெந்நீர் குடிக்கிறாயா? பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் அக்கா

•

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவளும் நன்றாக இருக்கிறாள். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

அனுப்பிவிட்டார்கள். மார்ச் முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. ‘வெயிலில் நனைந்த வர்ணனையாளர்’ என்று ஒரு பத்திரிகை கட்டம் கட்டிப் போட்டது, பார்த்திருப்பாய். தெருமுனைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்க்கிறார். ‘சார், இன்னைக்குக் குடை எடுத்துக்கலாமா?’ என்கிறார். நானும் சிரித்துக்கொண்டே பாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நான் எந்த வெளிநாட்டு மைதானத்திலும் கால் வைக்கவில்லை. அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வானொலிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு டிவி, அதன் எதிரே நான். மைதானக் காற்றுக்கு மேசை விசிறியை மைக் பக்கம் திருப்பி வைப்போம். கூட்டத்தின் இரைச்சல் டேப்பில் இருக்கிறது. அதை ஓட்டுகிற ஒலிப்பதிவாளர் ஓய்வு பெறப்போகிறவர், ஒரு நாள் பொத்தானில் கைவைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கதவு அவுட் ஆனதற்கு ஐந்து நிமிஷம் விடாமல் ஆரவாரம். அதுகூட யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் நியாயமான ஆரவாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உணவு இடைவேளையில் எங்கள் அறை டிவியின் சேனலில் விளம்பரமும் பழைய ஆட்டமும்தான் வரும், மற்ற சேனல் போல மைதானத்தைக் காட்டாது. அதனால்தான் மழை தெரியவில்லை.

உனக்கு எழுதியதும் பொய். மரமும் இல்லை, இலையும் இல்லை. உனக்கும் நேயர்களுக்கும் ஒரே பொய்யைச் சொன்னால்தான் நாக்கு தடுமாறாது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

அந்தப் பெண்ணைத் திட்டாதே. அவள் கேட்டது சின்னக் கேள்வி, மைதானத்தில் சுருண்டு தூங்குகிற நாயைக் கேட்டால்கூடத் தெரியும். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

மாமாவிடம் விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் தம்பி

•

மார்ச் 25

தம்பிக்கு,

உன் நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அது நான்தான்.

நீ மைதானத்திலிருந்து எழுதுவதாகச் சொன்ன பிப்ரவரிக் கடிதத்தின் உறையில் உங்கள் தெரு அஞ்சல் நிலையத்தின் முத்திரை இருந்தது. தேதியோடு, பளிச்சென்று. இதை நான் பார்க்காமல் விடுவேனா? அன்றிலிருந்தே எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பத்து நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கினேன்.

புதன்கிழமை மாடிக்குப் போனபோது மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மழை கொட்டுகிறது, ஆடுகளத்தை விரிப்பால் மூடியிருக்கிறார்கள். கீழே ரேடியோவில் நீ ‘கூப்பிடுங்கள் நேயர்களே’ என்கிறாய். மேசைமேல் போன். மற்ற நாளில் யாருக்குமே கிடைக்காத லைன் எனக்கு முதல் தடவையிலேயே கிடைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வேறு ஊர்ப் பெயர் சொல்லி, உன்னிடம் கேட்டேன். உன்னை சார் என்று கூப்பிட்டேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை டேய் என்று தவிர நான் கூப்பிட்டதில்லை.

‘மழையா’ என்ற சொல்லைக் கேள்விக்குள்ளேயே வைத்தேனே, நீ அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாமே என்று இந்த ஒரு மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ மாட்ட வேண்டும் என்றுதான் கேட்டேன். மாட்டினதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டும்போது வருமே, அந்தச் சந்தோஷம். போனை வைத்துவிட்டு நாலு படி இறங்கும் வரைதான் அது இருந்தது.

கீழே வந்தால் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நான் டீயை வாங்கிக் குடித்தேன். அவர்களோடு சேர்ந்து அவளைத் திட்டினேன். அப்போது அவள் நிஜமாகவே வேறு யாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது, அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

நீ ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை நான் விட்டிருப்பேன். என் மேசையில் உட்கார்ந்து அந்த இலையைப் பற்றி நான் நாற்பது பேருக்கு வாசித்தேனே. அதைத்தான் தாங்க முடியவில்லை. காரணம் சொல்கிறேனே தவிர, இதில் நியாயம் எதுவும் இல்லை.

உன் மாமாவிடம் சொன்னேன். ‘உன் கூடப் பொறந்தவன் பொழப்ப வச்சா விளையாடுன?’ என்று மட்டும் கேட்டார்.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா

•

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ எழுதவில்லை, எழுதாதது சரிதான்.

உன் மனைவிக்கு நாள் நெருங்கியிருக்கும். துணைக்கு யார் இருக்கிறார்கள்? நான் வந்து நிற்க வேண்டிய நேரம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நம் ஆட்கள் தொடர்ந்து எட்டாவது ஆட்டத்தையும் தோற்றார்கள். உன் இடத்தில் புதியவர் ஒருவர் பேசுகிறார். தோல்வி, சொதப்பல் எல்லாம் தாராளமாகச் சொல்கிறார். நான் இத்தனை நாள் எதைக் கேட்டேனோ அதையேதான் சொல்கிறார், ஆனால் என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ரேடியோப் பெட்டியை என் மேசைக்கு மேலிருந்து எடுத்து அந்தப் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன். கழுத்துவலி என்று காரணம் சொன்னேன்.

அக்கா

•

மே 12

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் சுகம்தானே? எனக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு இருபது நாள். இருவரும் நலம். உங்களுக்குச் சொல்லாமல் இருந்தது என் முடிவு இல்லை. அவர் ‘எழுதறேன், எழுதறேன்’ என்று நாளைக் கடத்தினார். உங்கள் மார்ச் கடிதத்துக்குப் பதில் எழுதவும் எத்தனையோ தடவை உட்கார்ந்தார். ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்பதோடு நிறுத்தி, தாளைக் கிழித்துவிடுவார்.

அவர் சொல்லக்கூடாது என்றதைச் சொல்லப்போகிறேன். அந்தக் குரல் உங்களுடையது என்று அவருக்கு முதல் வார்த்தையிலேயே தெரியும். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னது, ‘அக்கா என்னை சார்னு கூப்பிட்டா.’ வேலையைப் பற்றி அப்புறம்தான் சொன்னார்.

மறுநாள் இயக்குநர் ஒரு வழி சொன்னார். ‘உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது விளையாட்டுக்குப் பேசினதா இருந்தா சொல்லுங்க. அவங்களையே கூட்டிட்டு வந்து சிரிச்சுப் பேசி ஒரு நிகழ்ச்சி போட்டுட்டா முடிஞ்சுது, ஜனங்க ரசிப்பாங்க.’ இவர், ‘யாருன்னே தெரியாது சார்’ என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. ‘அவ நாப்பது பேர் முன்னாடி நாளைக்கு எப்படிப் போய் உக்காருவா?’ என்றார்.

இப்போது பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை. பாதிச் சம்பளம். யாரும் அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்கக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது அக்கா. மறைத்து எழுத வரவில்லை. ஆனால் குழந்தை பிறந்ததை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதும் சரியில்லை என்று பட்டது.

உங்கள் தம்பி மனைவி

•

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைக்கும் தாய்க்கும் என் முத்தங்கள். அவள் எழுதிவிட்டாள் என்று அவளைக் கடிந்துகொள்ளாதே.

கடிதம் கிடைத்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்றேன். ‘எல்லாரும் கொஞ்சம் கேளுங்க’ என்றேன். சட்டை ஏற்றுமதி பற்றி ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்தார்கள். ‘அன்னைக்கு ரேடியோவுல வெயிலா மழையான்னு கேட்டது நான்தான். மாடியில இருந்து பேசினேன். அதனால என் தம்பிக்கு வேலை போயிருச்சு’ என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மீதி எல்லாம் மறந்துவிட்டது.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நூல் வெட்டுகிறவள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, ‘நான் உங்க தோளப் பிடிச்சேனேக்கா’ என்றாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். இப்போது யாரும் என்னை வர்ணனை அக்கா என்று கூப்பிடுவதில்லை. வேலை விஷயமாக வந்தால் பேசுகிறார்கள்.

வானொலி இயக்குநருக்கும் எழுதினேன், அந்த நேயர் நான்தான், தம்பிமேல் தப்பில்லை என்று. அச்சடித்த அட்டை ஒன்று வந்திருக்கிறது: ‘தங்கள் கருத்துக்கு நன்றி. தொடர்ந்து கேளுங்கள்.’

நீ என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் உன்னை மாட்டிவிட்டேன், நீ என்னை மறைத்துவைத்தாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தையைப் பார்க்க நான் வரலாமா? வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரு அட்டையில் எழுதிப் போடு.

அக்கா

•

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். குழந்தைக்கு உன் மூக்கு, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நேற்று ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். சல்லடை இரண்டு கேட்சை விட்டான். புதியவர் அவனை வறுத்தெடுத்தார். நான் அவருக்கு மேல் ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன், குழந்தை அழுதது, என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பினார்கள். பன்னிரண்டு வருஷம் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று இப்போதுதான் புரிகிறது.

வா. கேட்க வேண்டுமா என்ன? ஆனால் நீ வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மழை தெரியவில்லை என்று எழுதினேன். தெரியும். ‘வெயிலா’ என்று நீ ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. வெயிலடித்தால் நீ போன் போட்டிருக்க மாட்டாய், ஒழுங்காக இருக்கிற சட்டைக்கு நீ என்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டினாய்? மழை என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் வேலையும் போயிருக்காது, பெயரும் கெட்டிருக்காது. ஆனால் நீ சார் என்றாய். எனக்குத் தலைக்கேறிவிட்டது. யாரோ ஒருத்தி மாதிரி கேட்கிறாய் அல்லவா, யாரோ ஒருத்திக்குச் சொல்கிறதையே உனக்கும் சொல்கிறேன் என்று வேண்டுமென்றே வெயில் என்றேன். ‘கண் கூசுது’ என்று சேர்த்தது உனக்காகத்தான். லட்சம் பேர் கேட்டார்கள். நான் பொய் சொன்னது உன் ஒருத்தியிடம்.

அதனால் நீ மாட்டிவிட்டு என் வேலை போகவில்லை. இயக்குநரிடம் உன்னைத் தெரியாது என்று சொன்னதும் உன்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை. உன்னைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தால் இதை நீ அங்கேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். மூன்று மாதம் நீ குற்றவாளியாகக் கூனிக் குறுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. தேற்றுவதென்றால் எனக்கு இதைவிட நல்ல பொய் வரும்.

நீ நாற்பது பேர் முன்னால் நின்று சொல்லிவிட்டாய். எனக்கு அந்த மைக் இனிமேல் கிடைக்காது. அத்தனை பேரிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது, அதுவும் தபாலில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் வா. அவள் கதவைத் திறப்பாள், குழந்தையை உன் கையில் கொடுப்பாள். நான் கொஞ்ச நேரம் பின்னறையில் இருப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, என்னைக் கூப்பிடவும் வேண்டாம். வெளியே வர எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.

உன் தம்பி